சிவப்புக் கல் மஞ்சள் தூளானால் அது அரிதாரமா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சீனாவின் ஹூனான் பகுதியிலிருந்து வந்த மனோசிலை (ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கனிமம்) படிகம் ஒன்றைக் கண்காட்சியில் வாங்கி, ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். வாங்கும்போது மாதுளை முத்துப் போலச் சிவந்திருந்த கல், மூன்று வருடத்தில் மேலெல்லாம் மஞ்சளாகி, தொட்டால் உதிர்கிற அளவுக்கு வந்துவிட்டது. நண்பர் பார்த்துவிட்டு "அரிதாரமாகிவிட்டது", அதாவது அதே இரண்டு தனிமங்கள் வேறு விகிதத்தில் சேர்ந்த மஞ்சள் கனிமமாகிவிட்டது என்கிறார். நீங்கள் தேடிப் பார்த்ததில் "பாராரியால்கர், அரிய கனிமம், மனோசிலையின் அதே ஃபார்முலா" என்று கிடைத்திருக்கிறது. ஃபார்முலா ஒன்றுதான் என்றால் இரண்டு பெயர் எதற்கு, யார் சொல்வது சரி, இதைக் கையால் தொடலாமா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் முதல் இரண்டும் ஒன்றுதான்: ஒரு கனிமத்தை இன்ன கனிமம் என்று முடிவு செய்வது எது? நிறமா, அதில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதா, அல்லது வேறு ஏதாவதா?

நான் நிலவியல் படித்தவன். படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைக் கோடுகளாகக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் கருவியோடு பல வருடங்கள் வேலை செய்திருக்கிறேன், ஒரு கல்லூரியின் கனிமச் சேகரிப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே உங்கள் கல்லின் கதை அப்படியே நடந்திருந்தது. டியூப் லைட்டுக்கு நேர் கீழே இருந்த மனோசிலை மாதிரி பாதி மஞ்சளாகியிருந்தது. எனக்கு முன்னால் இருந்த யாரோ அட்டையில் "மனோசிலை, அரிதாரத்துடன்" என்று திருத்தி எழுதியிருந்தார். மஞ்சள் தூளில் ஒரு சிட்டிகை எடுத்துக் கருவியில் வைத்தேன். அரிதாரத்துக்குரிய ஒரு கோடு கூட வரவில்லை. வந்த கோடுகள் எல்லாம் பாராரியால்கருடையவை. அட்டையைத் திருத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன். 1980 வரை பாடநூல்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

சரி, இந்தக் கதையில் வரும் மூன்று கனிமங்களையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். மனோசிலையை உலகம் ரியால்கர் என்கிறது, அரபு மொழியில் "குகைத் தூள்" என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். அதில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு ஆர்சனிக் அணுவும் நான்கு கந்தக அணுவும் சேர்ந்த ஒரு சின்னக் கூண்டு. எடைக் கணக்கில் 70 சதவீதம் ஆர்சனிக். அரிதாரம் என்கிற ஆர்பிமென்ட் வேறு சரக்கு. அதில் இரண்டு ஆர்சனிக்குக்கு மூன்று கந்தகம் என்ற விகிதம், ஆர்சனிக் சுமார் 61 சதவீதம். கூண்டு மூலக்கூறே அதில் கிடையாது, அணுக்கள் தகடு தகடாகப் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் நல்ல அரிதாரத்தை அப்பளம் போல ஏடு ஏடாக உரிக்கலாம், உரித்த ஏடு முத்துப் போல மின்னும், வளைத்தால் வளையும். நடிகர்கள் முகத்தில் பூசுவதை நாம் இன்றும் "அரிதாரம்" என்கிறோமே, அந்தச் சொல்லே இந்த மஞ்சள் கனிமத்தின் பெயர்தான். மூன்றாவது ஆளான பாராரியால்கருக்குத் தமிழில் பெயர் இல்லை, இருந்திருக்கவும் வழியில்லை. மஞ்சளாகத் தெரிந்ததை எல்லாம் அரிதாரம் என்றே நம்மவர்களும் பிறரும் கணக்கில் வைத்திருப்பார்கள்.

நண்பரின் பதில் ஏன் தவறு என்பதற்குக் கருவியே வேண்டாம், கணக்கு போதும். மனோசிலை முழுவதும் அரிதாரமாக வேண்டுமென்றால், அதிலுள்ள ஒவ்வொரு இரண்டு ஆர்சனிக் அணுவுக்கும் ஒரு கந்தக அணு புதிதாக வந்து சேர வேண்டும். உங்கள் அலமாரிக்குள் கந்தகம் எங்கிருந்து வரும்? பழைய புத்தகங்கள் இதற்கு ஒரு வழி சொன்னதுண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆர்சனிக்கில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே பிரித்து வெள்ளை ஆக்சைடாக்கிவிடும், மிச்சமிருக்கிற ஆர்சனிக்குக்கு இருக்கிற கந்தகமே போதும் என்பது அந்த வாதம். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் அப்படி நடந்திருந்தால் மஞ்சள் தூளோடு கணிசமான அளவு வெள்ளைத் தூளும் கலந்திருக்க வேண்டும். கருவியில் வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்கு எதுவும் வருவதில்லை.

பாராரியால்கர் தனிக் கனிமமாக அறிவிக்கப்பட்டது 1980-இல், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிடைத்த மாதிரிகளை வைத்து. அவற்றில் ஒன்று வான்கூவர் தீவில் உள்ள மவுண்ட் வாஷிங்டனிலிருந்து வந்தது. ராபர்ட்ஸ், ஆன்செல், போனார்டி என்ற மூவர் அதை விவரித்தார்கள். பண்புகளைச் சொன்னால் உங்கள் கல்லோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். நிறம் பளிச்சென்ற மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை இருக்கும். பீங்கான் ஓட்டில் தேய்த்தால் விழுகிற கோடு நல்ல மஞ்சள், மனோசிலையின் கோடு ஆரஞ்சு கலந்த சிவப்பு. மோஸ் அளவில் கடினத்தன்மை 1-லிருந்து 1.5 வரை, அதாவது நகம் பட்டாலே போதும். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.52 கிராம், மனோசிலைக்கு 3.56. இந்தச் சிறிய வித்தியாசம் முக்கியமானது. அதே எடைக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கூடுதல் இடம் வேண்டியிருக்கிறது, அணுக்களின் அடுக்கும் மாறுகிறது. கெட்டியான படிகத்துக்குள் இது நடந்தால் படிகம் தாங்காது, விரிசல் விட்டுத் தூளாகும். உங்கள் கல் உதிர்வதற்கு இதுதான் காரணம். இரண்டுமே ஒற்றைச்சரிவுப் படிகத் தொகுதியைச் சேர்ந்தவை, ஆனால் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை வேறு.

இனி ஃபார்முலா கேள்விக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மனோசிலைக் கூண்டில் ஒவ்வொரு ஆர்சனிக்கும் இரண்டு கந்தகத்தோடும் இன்னொரு ஆர்சனிக்கோடும் கைகோத்திருக்கிறது. நான்கு ஆர்சனிக்கும் ஒரே மாதிரி, யாருக்கும் தனிச்சலுகை இல்லை. பாராரியால்கர் கூண்டில் அந்தச் சமத்துவம் போய்விடுகிறது. ஒரு ஆர்சனிக் மூன்று கந்தகத்தைப் பிடித்திருக்கிறது. இன்னொன்று ஒரே ஒரு கந்தகத்தையும் இரண்டு ஆர்சனிக்கையும் பிடித்திருக்கிறது. மற்ற இரண்டும் பழையபடியே. எண்ணிப் பாருங்கள், இரண்டு கூண்டிலும் ஆர்சனிக்குக்கும் கந்தகத்துக்கும் இடையே எட்டுப் பிணைப்பு, ஆர்சனிக்குக்கும் ஆர்சனிக்குக்கும் இடையே இரண்டு. அணுக்களின் எண்ணிக்கை மாறவில்லை, பிணைப்புகளின் எண்ணிக்கையும் வகையும் கூட மாறவில்லை. எட்டுப் புள்ளி வைத்து அதே பத்துக் கோட்டில் இரண்டு பேர் இரண்டு கோலம் போட்ட மாதிரி, எந்தப் புள்ளியை எதோடு சேர்த்தார்கள் என்பது மட்டும் வேறு. இந்த அமைப்பை 1995-இல் இத்தாலியின் பாவ்லா பொனாஸ்ஸி, மெங்கெத்தி, பிரதேசி ஆகியோர் தீர்த்து வைத்தார்கள்.

கனிமவியலில் ஒரு கனிமத்தைத் தனி இனமாக ஏற்க இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள்: வேதிக்கூறு, அணுக்களின் அமைப்பு. இரண்டில் ஒன்று மாறினாலும் இனம் வேறு. வைரமும் கிராஃபைட்டும் முழுக்கக் கார்பன், ஆனால் அவற்றை ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. கால்சைட்டும் அரகோனைட்டும் அப்படித்தான். இப்படி ஒரே கூறு வெவ்வேறு அமைப்பில் வருவதைப் பல்லுருவம் என்பார்கள். பாராரியால்கரை மனோசிலையின் பல்லுருவம் என்று வகைப்படுத்தியிருப்பது இந்த அர்த்தத்தில்தான். என் சொந்தக் கருத்தில் அந்தச் சொல் இங்கே கொஞ்சம் தளர்வாக உட்காருகிறது. ஏனென்றால் இதே ஃபார்முலாவில் பொனாஸ்ஸியைட் என்று இன்னொரு கனிமம் இருக்கிறது. கிர்கிஸ்தானின் கைதர்கானில் கிடைத்தது, 2013-இல் ஏற்கப்பட்டது, பாராரியால்கரின் அமைப்பைத் தீர்த்த அதே பாவ்லா பொனாஸ்ஸியின் பெயர் அதற்கு. மனோசிலையைச் சுமார் 240 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் கிடைக்கும் வடிவத்துக்கு இயற்கையில் உள்ள இணை அது. அதில் கூண்டு மனோசிலையின் கூண்டேதான், கூண்டுகளை அடுக்கிய விதம் மட்டும் வேறு. பாராரியால்கரிலோ கூண்டே வேறு. ஒன்று அதே செங்கல்லை மாற்றி அடுக்கியது, மற்றது செங்கல்லையே மாற்றியது. வேதியியல்காரர்கள் இரண்டாவதை மாற்றியம் என்று சொல்வார்கள். கனிமப் பட்டியல் இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறது, ஆனால் உங்கள் கல்லில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவும்.

கனிமங்களை வேதிக்கூறு, அமைப்பு அடிப்படையில் வரிசைப்படுத்தும் ஸ்ட்ரன்ஸ் வகைப்பாட்டில் மனோசிலை 2.எஃப்ஏ.15ஏ, பாராரியால்கர் 2.எஃப்ஏ.15பி. ஒரே எண், கடைசி எழுத்து மட்டும் வேறு, அண்ணன் தம்பி மாதிரி. இந்த வரிசையை ஆர்சனிக் அதிகமுள்ளதிலிருந்து குறைவானதை நோக்கிப் படித்தால் நன்றாக விளங்கும். நான்கு ஆர்சனிக்குக்கு ஒரே கந்தகம் உள்ள துரனுசைட், மூன்று உள்ள டைமார்ஃபைட், பிறகு நம் அண்ணன் தம்பி, அடுத்து அலக்ரானைட், ஐந்து கந்தகம் உள்ள ஊசோனைட், கடைசியில் அரிதாரம். துரனுசைட் பிரான்சிலும், டைமார்ஃபைட் நேப்பிள்ஸ் அருகே சோல்ஃபத்தாரா எரிமலைப் பள்ளத்திலும், ஊசோனைட் ரஷ்யாவின் கம்சாத்காவிலும் முதலில் அறியப்பட்டவை. அலக்ரானைட்டின் கதை சற்றுச் சிக்கல். பெயர் சிலியில் உள்ள அலக்ரான் சுரங்கத்துடையது, கனிமத்தை முதலில் விவரிக்க ஆதாரமான மாதிரியோ கம்சாத்காவின் ஊசோன் எரிமலைப் பள்ளத்திலிருந்து வந்தது. அலக்ரான் சுரங்கத்தில் கிடைத்த பொருள் பொனாஸ்ஸியைட்டின் வகை என்று பின்னால் தெளிவானது. அதனால் "அலக்ரானைட்" என்ற அட்டையோடு எதையாவது வாங்கப்போனால், பகுப்பாய்வு செய்திருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், இந்த மாற்றத்தைச் செய்தது எது? வெளிச்சம். இதில் சந்தேகம் இல்லை. 1992-இல் டக்ளஸ், ஷிங், வாங் ஆகியோர் செய்த சோதனையில் சுமார் 500-லிருந்து 670 நானோமீட்டர் வரையுள்ள ஒளி இந்த மாற்றத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். பச்சையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு தாண்டிச் சிவப்பின் நடுப்பகுதி வரைக்குமான ஒளி அது. இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் சேகரிப்பாளர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குற்றவாளி புற ஊதாக் கதிர் மட்டும் என்று நினைத்து, அதைத் தடுக்கும் கண்ணாடியை விலை கொடுத்து வாங்கி அலமாரியில் மாட்டுகிறார்கள். அது மனோசிலையைக் காப்பாற்றாது. நாம் பார்ப்பதற்குப் பயன்படுத்துகிற சாதாரண ஒளியே அதைக் கெடுக்கிறது. டியூப் லைட்டில் பாதரசத்தின் பச்சைக் கோடு 546 நானோமீட்டரில் பலமாக இருக்கும், வெள்ளை எல்இடி விளக்கிலும் இந்த நிறங்கள் எல்லாம் உண்டு. ஜன்னல் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

ஒளி உள்ளே என்ன செய்கிறது என்பதில் உறுதியானதையும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது: ஒரு கந்தக அணு கூண்டில் கூடுதலாகப் புகுந்து, நான்கு ஆர்சனிக் ஐந்து கந்தகம் கொண்ட இடைநிலைக் கூண்டை உண்டாக்குகிறது. அந்தக் கூண்டு பிறகு வேறொரு இடத்திலிருந்த கந்தகத்தை வெளியே விடுகிறது. எண்ணிக்கை பழையபடி நான்குக்கு நான்கு, ஆனால் இணைப்பு மாறிவிட்டது. வெளியே வந்த கந்தகம் பக்கத்துக் கூண்டில் புகுந்து அதே வேலையைச் செய்கிறது. அதனால் கொஞ்சம் கந்தகமே நிறையக் கூண்டுகளை மாற்றிவிட முடிகிறது. அந்த முதல் கந்தகத்தை விடுவிப்பது யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. காற்றின் ஆக்சிஜன் ஒரு சிறு பங்கு ஆர்சனிக்கை ஆக்சைடாக்குவதால் கந்தகம் மிஞ்சுகிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஒளியே பிணைப்பை உடைத்துவிடும், ஆக்சிஜன் கட்டாயமில்லை என்பது இன்னொரு தரப்பு. வீட்டில் வைத்திருப்பவருக்கு இந்த விவாதத்தால் பெரிய வித்தியாசம் இல்லை, எப்படியானாலும் ஒளியைத் தடுப்பதுதான் வழி. ஆனால் இருட்டில் வைத்தாலும் மஞ்சள் திரும்பச் சிவப்பாகாது. ஆகிவிட்டது ஆகிவிட்டதுதான்.

"அரிய கனிமம்" என்று கிடைத்ததாகவும் சொல்லியிருந்தீர்கள். பெயர் பட்டியலில் ஏறியது தாமதமாக, அதனால் அரியது போலத் தெரிகிறது. மனோசிலை வெளிச்சம் பட்டுக் கிடக்கிற இடமெல்லாம் மேலே மெல்லிய மஞ்சள் படலமாக இது உண்டாகிக்கொண்டேதான் இருக்கும். கண்ணால் பார்க்கிற அளவுக்கு ஒழுங்கான படிக வடிவில் கிடைப்பதுதான் உண்மையிலேயே அரிது. எனவே உங்கள் தூளுக்கு விலைமதிப்பு எதுவும் கூடிவிடவில்லை. சிவப்புப் படிகமாக இருந்தபோதுதான் அதன் மதிப்பு அதிகம்.

இந்தக் குழப்பம் ஓவியங்களிலும் நடந்திருக்கிறது என்பதால் அதையும் சொல்லத் தோன்றுகிறது. மனோசிலையும் அரிதாரமும் பல நூற்றாண்டு ஓவியர்களின் வண்ணங்கள். பழைய ஓவியத்தில் மஞ்சளில் ஆர்சனிக் தெரிந்தால் அரிதாரம் என்று எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. பாராரியால்கர் அறியப்பட்ட பிறகு, ஒரு காலத்தில் ஆரஞ்சாகத் தீட்டப்பட்டு இன்று மஞ்சளாகிவிட்ட இடங்களைத் தேடத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் தின்தொரெத்தோவின் ஓவியம் ஒன்றில் 1990-களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த "இரவுக் காவல்" ஓவியத்திலும், முன்னால் பொன்னிறச் சித்திரத் தையல் உடையில் நிற்கும் துணைத்தளபதியின் ஆடையில் பாராரியால்கர் இருப்பதாக 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே அது தானாக மாறியது அல்ல, பாராரியால்கரையும் பாதி படிகத்தன்மை இழந்த அதன் ஆரஞ்சு வடிவத்தையும் ரெம்பிராண்ட் தெரிந்தே கலந்து பொன்னின் பளபளப்பைக் கொண்டுவந்தார் என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. கனிமம் அங்கே இருப்பது அளந்து கண்ட உண்மை. ஓவியரின் எண்ணம் என்பது அதிலிருந்து அவர்கள் வந்தடைந்த முடிவு, எனக்கு அது வலுவானதாகவே படுகிறது.

உங்கள் கல்லைப் பற்றி நான் எவ்வளவு தூரம் உறுதியாகப் பேசலாம்? நீங்கள் அனுப்பிய படத்தை வைத்துப் பார்த்தால், சிவப்பு மேலிருந்து மஞ்சளாகியிருக்கிறது, ஜன்னல் பக்கம் அதிகம், சுவர்ப் பக்கம் குறைவு, ஏடு ஏடாக இல்லாமல் மாவாக உதிர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் பாராரியால்கர் என்பதுதான் மிகவும் பொருத்தமான பதில். ஆனால் படத்தை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஹூனானில் மனோசிலையும் அரிதாரமும் ஒரே சுரங்கத்தில் சேர்ந்தே கிடைக்கும், ஆகவே உங்கள் கல்லின் அடிப்பகுதியில் பிறவியிலேயே கொஞ்சம் அரிதாரம் ஒட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. வாங்கிய அன்றைய புகைப்படம் இருந்தால் அதில் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள், அது பெரிய உதவி. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனிமங்களை மட்டும் அளந்தால், அரிதாரமா இல்லையா என்று சொல்லிவிடலாம், மனோசிலையா பாராரியால்கரா என்று சொல்லவே முடியாது. விகிதம் ஒன்றுதானே. எக்ஸ் கதிர் விளிம்பு விலகலோ, லேசர் ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலையோதான் முடிவு சொல்லும். சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த விளைவு இப்போது இந்தக் கூண்டுகளை வேறுபடுத்துவதற்கு நல்ல வழி. அதில் ஒரு எச்சரிக்கை உண்டு: பல ஆய்வகங்களில் உள்ள 532 நானோமீட்டர் பச்சை லேசர் இந்த மாற்றத்தையே உண்டாக்கக்கூடியது. மனோசிலையை அளக்கப்போய் பாராரியால்கரை உண்டாக்கி, அதையே முடிவாக எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. 785 நானோமீட்டர் லேசரில், குறைந்த சக்தியில் எடுக்கச் சொல்லுங்கள்.

தொடலாமா என்ற கேள்விக்கு என் பதில், தேவையில்லாமல் தொடாதீர்கள். கெட்டியான படிகத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். இந்த சல்ஃபைடுகள் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரைபவை. ஆனால் இப்போது உங்களிடம் இருப்பது உதிர்கிற தூள், மூச்சில் போகக்கூடியது, குழந்தையின் விரல் வழியே வாய்க்குப் போகக்கூடியது. மாற்றத்தின்போது கொஞ்சம் ஆர்சனிக் ட்ரைஆக்சைடும் உண்டாகியிருக்கலாம். அது நம் வெள்ளைப் பாடாணம், சல்ஃபைடுகளை விட எளிதில் கரையும், பல மடங்கு கொடிய நஞ்சு. அதனால் தூளை ஊதாதீர்கள், உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், உண்மையா என்று பார்க்கத் தீயில் காட்டவே காட்டாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, அலமாரித் தட்டை ஈரமான காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தை மூடிய பையில் கட்டித் தனியே வையுங்கள். கழுவி ஊற்ற வேண்டாம். சித்த மருத்துவத்தில் மனோசிலை, அரிதாரம் என்ற பெயர்கள் வருகின்றனவே என்று யாராவது சொன்னால், அதற்கும் உங்கள் அலமாரித் தூளுக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

கல்லை இறுக்கமாக மூடும் பெட்டியில் போட்டு, கறுப்புத் துணி சுற்றி, அலமாரியின் இருட்டான இழுப்பறையில் வையுங்கள். மஞ்சளைச் சுரண்டிச் சிவப்பை வெளியே கொண்டுவர நினைக்க வேண்டாம், தூள்தான் அதிகமாகும். அட்டையில் "மனோசிலை, ஹூனான், சீனா. மேற்பரப்பு ஒளியால் மாறியது, பெரும்பாலும் பாராரியால்கர், சோதிக்கப்படவில்லை" என்று வாங்கிய வருடத்தோடு எழுதுங்கள். பக்கத்தில் நிலவியல் துறை உள்ள பல்கலைக்கழகம் இருந்தால், ஒரு மிளகளவு தூளைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, ஆர்சனிக் என்று மேலே தெளிவாக எழுதி, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு எடுத்துப் போங்கள். முடிவு வந்ததும் "சோதிக்கப்படவில்லை" என்ற சொல்லை அடித்துவிடலாம்.